போடாத ஊசி

"மைனி, எனக்கு முன்னால இனி பதினாலு பேருதான் இருக்காங்க. சீக்கிரம் சொல்லுங்க."

போனில் என் நாத்தனார் அபி. கழக்கூட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைத் தடுப்பூசி மையமாக மாற்றியிருந்தார்கள். அங்கே வரிசையில் நின்றுகொண்டு பேசினாள். முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்த குரல் பாதி மூச்சாகக் கேட்டது. பின்னால் யாரோ மலையாளத்தில் டோக்கன் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பைபாஸ் லாரிகளின் ஹாரன் நடுநடுவே வந்து அவள் சொல்வதை விழுங்கியது.

நான் கரமனையில் எங்கள் வீட்டின் பின்கட்டில், காயாத துணிகளுக்கு நடுவே நின்றேன். நாலு நாளாக விடாத மழை. எல்லாவற்றிலும் பூஞ்சை வாடை.

"என்ன சொல்லணும் அபி?"

"போடவா வேண்டாமான்னு சொல்லுங்க. அம்மை காலையிலேருந்து போன் பண்ணி அழுதுட்டே இருக்காங்க, போடாதேன்னு. டாக்டர் போடச் சொல்லியிருக்கு. வீட்டுல இவரு, உன் இஷ்டம்ங்காரு. எனக்கு வேற யாரு பேச்சும் வேண்டாம். நீங்க சொல்லுங்க. உங்களுக்கு அப்படி ஆனது இந்த ஊசியாலதானா?"

அபிக்கு அப்போது மூன்றாம் மாதம். எனக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்து ஒரு மாதம் முடியவில்லை.

அவள் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி ஒரு நர்ஸ்.

நான் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எழுதத் தயங்கியது

இந்தத் தொடரில் என் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியபோது வாசகி ஒருவர் கடிதம் போட்டிருந்தார். 'உங்களைப் போன்ற ஆசிரியர்கள் இருப்பதால்தான் பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகள் தப்பித்தார்கள்' என்று. நல்ல கையெழுத்து. அந்தக் கடிதத்தை இரண்டாவது தடவை வாசிக்க முடியவில்லை. அதனால்தான் இந்த வாரம் இது.

எழுதுவதற்கு முன் அபியிடம் கேட்டேன். "எழுதிக்கோங்க. எம்பேரு வரக் கூடாது" என்று பதில் அனுப்பினாள். ஆகவே அபி என்பது அவள் பெயர் இல்லை. மற்றவர்களின் பெயர்களும் அப்படித்தான். நான் மட்டும் நானேதான். கோமதி டீச்சர், தமிழ் எடுக்கிறவள்.

கேள்வி கேட்காமல் போட்டுக்கொண்டவை

எனக்கு ஊசி என்றால் பயம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒன்பது வருடம் குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்தவள் நான். வயிற்றிலும் இடுப்பிலும் தொடையிலும் ஏறிய ஊசிகளில் ஒன்றையாவது இது என்ன, எதற்கு என்று நான் கேட்டதில்லை. பிரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்து எடுத்து, குளியலறையில் நானே குத்திக்கொண்டு, புடவையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறேன்.

இரண்டு முறை தங்கி இரண்டு முறையும் கலைந்தது. இரண்டாவது முறை டாக்டரிடம் ஏன் என்று கேட்டேன். "சில சமயம் அப்படி ஆகும்" என்றார். என்னிடம் அல்ல, என் பைலிடம். அடுத்த ஆளின் பைல் ஏற்கெனவே மேசைக்கு வந்திருந்தது.

இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்குள் ஏதோ ஒன்று தீர்ந்துபோயிருந்தது. அது என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் சொல்வதை நம்பும் சக்தி அது என்று பின்னால்தான் புரிந்தது.

பெருந்தொற்றின் இரண்டாவது வருடம் மூன்றாவது முறையாகத் தங்கியது. எனக்கு முப்பத்தெட்டு வயது. கர்ப்பிணிகளும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ள வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தபோது எனக்கு நாலாம் மாதம் தொடங்கியிருந்தது.

அதே வாரம் வாட்ஸப்பில் ஒரு குரல் வந்தது. யாரோ ஒரு பெண், தமிழில், தான் ஒரு நர்ஸ் என்றாள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்கள் போடாதீர்கள், என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டே அழுதாள். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, ஒன்றும் இல்லை. நான் அதை ஏழெட்டு முறை கேட்டிருப்பேன்.

படித்தவள் எப்படி அதை நம்பினாய் என்று கேட்கலாம். அந்தக் குரல் அழுதது. என் டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. இதற்கு மேல் எனக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஊசி போட்டுக்கொண்டு பிள்ளை போனால் அது நான் செய்தது. போடாமல் போனால் அது தானாக நடந்தது. இரண்டு முறை பழி சுமந்தவளுக்கு இந்த வித்தியாசம் மலை அளவு பெரியது. நோய் வந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. நோய் மற்றவர்களுக்கு வருவது.

தேயிலைச் செடிக்குள் ஓடியவர்கள்

இங்கே பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் அப்பா பொன்முடிப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்தார். நான் மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ. ஒரு நாள் சுகாதார வண்டி ஒன்று வளைவு வளைவாக ஏறி வந்தது. பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் ஏதோ ஊசி. வண்டியின் சத்தம் கேட்டதுமே லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளிப் பெண்கள் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் ஓடினார்கள். பனியில் செடிகள் மட்டும் ஆடுவது தெரிந்தது. ஆட்கள் தெரியவில்லை.

அப்பா வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினார். முந்தானையை எப்படிச் செருகினார்கள், எப்படிக் குனிந்து ஓடினார்கள் என்று. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். "படிக்காத கூட்டம், என்ன செய்ய" என்றார் அப்பா.

அந்தப் பெண்களில் ஒருத்தி எங்கள் வீட்டுக்கு விறகு கொண்டுவருவாள். அவளிடம் அம்மா கேட்டபோது, "முந்தி ஒருக்கா ஊசின்னு சொல்லித்தான் வண்டியில ஏத்துனாக. எங்க அக்காளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேசன் பண்ணி அனுப்பிட்டாக" என்றாள். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அதன் பிறகும் விருந்தாளிகள் வந்தால் அந்த ஓட்டத்தை நடித்துக் காட்டுவதை அவர் நிறுத்தவில்லை.

அவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. அதைவிட முக்கியம், அவர்கள் எல்லோர் கண்ணெதிரே ஓடினார்கள். எனக்கு அந்த நேர்மை இல்லை.

படித்தவள் செய்த வேலை

வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம். யாரும் என் கையை முறுக்கியிருக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களின் பட்டியல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. போட்டவர் பெயருக்கு நேரே பச்சை டிக். தலைமை ஆசிரியை தினமும் குரூப்பில் போடுவார். வீடு வீடாக வரும் சுகாதார ஊழியர் ஆஷா சேச்சி நோட்டுப் புத்தகத்தோடு வீட்டு வாசலுக்கு வந்து, "டீச்சர் எடுத்தாச்சோ?" என்று கேட்பாள். அதைவிடப் பெரிய கூத்து, ஆன்லைனில் நடந்த தடுப்பூசி விழிப்புணர்வு வாசகம் எழுதும் போட்டிக்கு நான்தான் நடுவர். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு முதல் பரிசு கொடுத்தேன்.

ஸ்டாப் ரூமில் எல்லோரும் வெளியே ஒன்று பேசினார்கள், காதில் ஒன்று சொன்னார்கள். உயிரியல் எடுக்கும் டீச்சரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒண்ணும் ஆகாது. ஆனாலும் நீங்க பிரெக்னன்ட் ஆச்சே, ரிஸ்க் எதுக்கு?" என்றாள். அவள் பெயருக்கு நேரே டிக் இருந்தது.

எனக்கு டிக்கும் வேண்டும், ஊசியும் வேண்டாம்.

எங்கள் மாடியில் ஸ்டெல்லா என்று ஒரு பெண் குடியிருந்தாள். குளச்சல்காரி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே ஊசி போடும் பிரிவில் அப்போது அவளுக்கு வேலை. என் ஒன்பது வருடமும் அவளுக்குத் தெரியும். நானே குத்திக்கொள்ளும்போது வலிக்காமல் இருக்க எங்கே குத்த வேண்டும் என்று காட்டித் தந்தவளே அவள்தான்.

ஊசி போடாமலே போட்டதாகப் பதிந்து தர முடியுமா என்று கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"டீச்சர், இது மட்டும் கேக்காதீங்க. வெளிய ஆளு ஊசி கெடைக்காம நிக்கி. எத்தனை பேரு காலைப் பிடிக்காத குறையா கேக்காங்க தெரியுமா?"

"எனக்கு இது மூணாவது ஸ்டெல்லா. இதும் போச்சுன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்."

அப்படிச் சொன்னால் அவளால் மறுக்க முடியாது என்று தெரிந்துதான் சொன்னேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

மறுநாள் என் கணவர் காரில் உட்கார்ந்திருந்தார். திரைக்குப் பின்னால் ஸ்டெல்லா எனக்கு முதுகு காட்டி நின்று மருந்தை உறிஞ்சினாள். பிறகு என் கையோடு பஞ்சை அழுத்திப் பிடித்து, ஊசியைப் பஞ்சுக்குள் காலி செய்தாள். பஞ்சு நனைந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அதைச் செருப்பால் தேய்த்தாள். என் கையில் பிளாஸ்டர் ஒட்டினாள். என் கண்ணைப் பார்க்கவில்லை.

வெளியே படம் எடுத்துக்கொள்ள ஒரு தட்டி வைத்திருந்தார்கள். நான் அதன் முன்னால் நின்று, பிளாஸ்டர் தெரியும்படி கையைத் திருப்பி, படம் எடுத்து பள்ளிக்கூட குரூப்பில் போட்டேன். தலைமை ஆசிரியை கைதட்டும் பொம்மை அனுப்பினார்.

பதினெட்டாம் நாள்

காய்ச்சல் முதலில் என் கணவருக்கு வந்தது. அவர் ஒரு டோஸ் போட்டிருந்தார். மூன்று நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்தது மூச்சில் இறங்கியது.

வார்டில் ஒரு இளம் டாக்டர். பிளாஸ்டிக் உடைக்குள் அவள் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. "சேச்சி வாக்சின் எடுத்தோ?" என்று கேட்டாள். அங்கே கணவர் இல்லை, தலைமை ஆசிரியை இல்லை, ஆஷா சேச்சி இல்லை. உண்மையைச் சொல்ல எந்தத் தடையும் இல்லை.

"ஒரு டோஸ்" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள்.

ஆறாம் நாள் பிள்ளை போனது. பெண் பிள்ளை. எனக்கு ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்ததால் அழுவதற்குக்கூட மூச்சுப் போதவில்லை. என்னிடம் காட்டினார்களா இல்லையா என்பது இன்றைக்கும் எனக்குத் தெளிவாக நினைவில்லை. பச்சைத் துணி ஒன்று நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் நாகர்கோவிலிலிருந்து வந்தாள். வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "ஊசி போட்டு பதினெட்டாம் நாளாக்கும் மக்ளே காய்ச்சல் வந்தது. நான் எண்ணிட்டுத்தான் இருந்தேன். வேற எதுவும் இல்ல. ஊசிதான்."

அத்தை கெட்டவள் இல்லை. ஆனால் முதல் முறை கலைந்தபோது, நான் வாளித் தண்ணீர் தூக்கியதால் என்றாள். இரண்டாம் முறை, பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனதால் என்றாள். ஒவ்வொரு முறையும் ஒரு வருடம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. இந்த முறைதான் என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள். உளுந்தங்கஞ்சி காய்ச்சித் தந்தாள். "நீ என்ன செய்வே, பாவம்" என்றாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக நான் குற்றவாளி இல்லை.

அந்த உளுந்தங்கஞ்சிக்காக நான் வாயை மூடிக்கொண்டேன். இதைவிட மரியாதையான காரணம் ஒன்றைக் கண்டுபிடிக்கப் பல நாள் முயன்றிருக்கிறேன். கிடைக்கவில்லை.

என் கதை என்னிடமே வந்தது

அத்தை குடும்ப குரூப்பில் ஒரு குரல் செய்தி போட்டாள். அழுதுகொண்டே பேசினாள். நான் முன்பு கேட்ட அந்த நர்ஸின் குரல் போலவே இருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம், அத்தை பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

அது எங்கெங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. மூன்று வாரம் கழித்து எங்கள் தெருக்கோடியில் தையல் கடை வைத்திருக்கும் பெண் மதிலுக்கு வெளியே நின்றபடி என்னிடம் சொன்னாள்: "அறிஞ்சீங்களா டீச்சர், இங்க ஏதோ ஒரு தமிழ் டீச்சராம். ஊசி போட்டு வெளிய வந்த உடனே அங்கயே கலைஞ்சு போச்சாம். ஆஸ்பத்திரிக்காரங்க மூடி மறைச்சுட்டாங்களாம்."

"அப்படியா?" என்றேன்.

"என் மருமக ஏழு மாசம். நான் போட விடல."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

பதினாலு பேர்

அபி போன் செய்தது இதற்கு நாலு நாள் கழித்துத்தான்.

அவள் என் கணவரின் ஒரே தங்கை. நான் கல்யாணமாகி வந்த புதிதில், நாகர்கோவில் வீட்டில் எல்லோரும் என் திருவனந்தபுரம் பேச்சைக் கேலி செய்தபோது, "மைனி பேசுறதுதான் நல்லா இருக்கு, நானும் அப்படித்தான் பேசப் போறேன்" என்று சொன்ன பத்தாம் வகுப்புப் பிள்ளை. பிறகு இங்கேயே வந்து படித்து, கழக்கூட்டத்தில் சாப்ட்வேர் வேலையில் சேர்ந்தாள். எதற்கும் என்னிடம் கேட்பாள்.

"மைனி? லைன்ல இருக்கீங்களா? இப்ப பதினொரு பேரு."

என் நாக்கு நுனியில் இருந்தது. எனக்கு ஊசியே போடவில்லை, நீ போட்டுக்கொள். பத்து வினாடி ஆகாது சொல்ல. அதற்குப் பிறகு வரப்போகும் அத்தையின் முகமும், கணவரின் முகமும், ஸ்டெல்லாவின் வேலையும், பள்ளிக்கூட குரூப்பில் நான் போட்ட படமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அபியின் முகம் மட்டும் வரவில்லை.

"உனக்கு மனசு ஒப்பலைன்னா இன்னைக்கு வேண்டாம் அபி" என்றேன். "பிறகு பாத்துக்கலாம்."

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. பாரம் இறங்கிய மூச்சு.

"செரி மைனி. நீங்க சொன்னா செரிதான்."

நான் துணிகளை எடுத்து உள்ளே போட்டேன். அன்றைக்கு மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

வராந்தா

இரண்டரை மாதம் கழித்து அபிக்குக் காய்ச்சல் வந்தது. எனக்கு வந்ததைவிட வேகமாக. நாலாம் நாள் வென்டிலேட்டர் வைத்தார்கள். பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. ஆண் பிள்ளை. அபிக்கு அது தெரியாமலே ஒன்பது நாள் கிடந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் என் கணவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். நடுவே ஒரு நாற்காலியில் குறுக்கே நாடா ஒட்டியிருந்தார்கள். பினாயில் வாடை. யாரோ வாங்கி வைத்த சாயா ஆடை கட்டிக் கிடந்தது.

"அவ ஊசி போடாததுக்கு நான்தான் காரணம்" என்றேன்.

"நீ என்ன பண்ணுவே? உனக்கு அப்படி ஆச்சு, அவ பயந்துட்டா."

"எனக்கு ஊசி போடவே இல்லை."

அவர் திரும்பினார். எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சு, செருப்பு, படம், போன். முழுவதும் கேட்டார்.

"வேற யாருக்குத் தெரியும்?" என்றார். அதுதான் அவருடைய முதல் கேள்வி.

"ஸ்டெல்லாவுக்கு."

"அம்மைகிட்ட சொல்லாண்டாம். ஒருத்தர்கிட்டயும் சொல்லாண்டாம். இப்ப சொல்லி என்ன ஆகப் போவுது?"

அதற்குப் பிறகு இன்று வரை அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்கவில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால் எங்களுக்கு நடுவே ஏதாவது மிஞ்சியிருக்கும்.

அந்த வாரமே ஒரு காலையில் நான் தனியாகப் போய் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டேன். ஒரு நாள் கை வலித்தது. அவ்வளவுதான். அவர்கள் கணக்கில் அது எனக்கு இரண்டாவது டோஸ். சான்றிதழ் முழுதாக வந்தது.

ஸ்டெல்லா வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன், உன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று ஒருமுறை செய்தி அனுப்பினேன். "டீச்சர், எனக்குப் பிள்ளைங்க இருக்கு. என்னை விட்டிருங்க" என்று பதில் வந்தது. பிறகு அந்த எண்ணுக்கு எதுவும் போகவில்லை.

அவளிடம் சொன்னது

அபி பிழைத்தாள். நுரையீரல் பழையபடி ஆகவில்லை. ஒரு மாடி ஏறினால் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். இனிப் பிள்ளை வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அவளுடைய பிளாட்டுக்குத் தனியாகப் போனேன். சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து மடிக்கணினியில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். நான் சொல்லத் தொடங்கியதும் அதை மூடி வைத்தாள்.

முடித்த பிறகு சொன்னாள். "அன்னைக்குப் போன்ல நான் கேட்டப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் எனக்குப் பின்னால நின்ன பிள்ளைகிட்ட டோக்கனைக் குடுத்துட்டு வந்தேன். அவளும் மாசமாத்தான் இருந்தா. தேங்க்ஸ் சேச்சின்னு சொன்னா." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவ பிள்ளை இப்ப நடக்க ஆரம்பிச்சிருக்கும்."

நான் அவள் காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள்.

"நீங்க பயந்ததுல எனக்குக் கோபம் இல்ல மைனி. நானும்தான் பயந்தேன். நீங்க என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம். நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்."

அது உண்மை. அவள் சொல்லியிருக்க மாட்டாள். எனக்கு எந்த நஷ்டமும் வந்திருக்காது. அந்தப் பத்து வினாடியில் இது எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் என் வீட்டுக்கு வருவதில்லை.

பால்காய்ச்சு

சென்ற மாதம் எங்கள் உறவில் ஒரு புது வீட்டுக்குப் பால்காய்ச்சு. என் கணவரின் பெரியப்பா பேத்தி சுருதி கழக்கூட்டத்தில் பிளாட் வாங்கியிருக்கிறாள். ஐந்து மாதக் கர்ப்பம். அபி வர மாட்டாள் என்று நினைத்துப் போனேன். வந்திருந்தாள். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

சாப்பிடும்போது சுருதி சொன்னாள், டாக்டர் அவளை ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறாராம். மழைக்காலம் வருவதற்கு முன் போட்டுவிட வேண்டுமாம்.

அத்தை பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஒரு ஊசியும் வேண்டாம் மக்ளே. எங்க கோமதி ஒருத்தி போதும். ஊசி போட்டு பதினெட்டாம் நாளு காய்ச்சல் வந்து கலைஞ்சு போச்சு. என் பிள்ளை அபிக்கும் அந்தக் காத்துதான் வந்து அடிச்சுது. கண்ணு முன்னால இருக்கு, பாத்துக்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுருதியும் பார்த்தாள். அவள் கை தானாக வயிற்றின் மேல் போயிற்று. என் கணவர் எதிர் வரிசையில் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"அத்தை, நான் அன்னைக்கு ஊசி போடலை" என்றேன்.

"என்ன?"

"போட்டதா பொய் சொன்னேன். எனக்குப் பிள்ளை போனது கொரோனாவால. ஊசியால இல்லை. ஊசி போட்டிருந்தா ஒருவேளை ரெண்டு பிள்ளைகளும் இருந்திருக்கும்."

அத்தை என் முதுகைத் தடவினாள். நிஜமான வருத்தத்தோடு தடவினாள்.

"பாவம். அன்னைக்குப் போனதுதான் புத்தி, இன்னும் செரியாவல்ல. பாருங்க, பழியத் தன் தலையில தூக்கிப் போடுதா."

"இல்லை அத்தை, நிஜமாத்தான்."

சுருதியின் கணவன் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆண்ட்டி, அந்த சர்ட்டிபிகேட் இப்பவும் போன்ல இருக்கும் அல்லே?" என்றான். என்ன சொல்லவென்று தெரியாமல் எடுத்துக் காட்டினேன். என் பெயர், வயது, இரண்டு தேதிகள், அரசாங்க முத்திரை. அவன் அதைச் சுருதிக்குக் காட்டினான். அவள் அத்தைக்குக் காட்டினாள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். என் பொய்க்கு முத்திரை இருந்தது. உண்மைக்கு என் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அப்போது அபி எழுந்து வந்தாள். நடந்து வருவதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. சுருதியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டாக்டர் எழுதித் தந்திருக்காரா?"

"உண்டு சித்தி."

"கை கழுவிட்டு வா. நான் கூட்டிட்டுப் போறேன்."

"இப்பவா?" என்றாள் சுருதி. "இவங்க எல்லாம் சொல்றாங்களே..."

"இங்க இருக்க யாரு பேச்சும் கேக்காண்டாம். அம்மை பேச்சும் கேக்காண்டாம்." என்னைக் காட்டினாள். முகத்தைத் திருப்பாமல் கையால் மட்டும். "இவங்க பேச்சும் கேக்காண்டாம். இவங்க அன்னைக்குச் சொன்னதும் வேண்டாம், இன்னைக்குச் சொல்றதும் வேண்டாம். டாக்டர் சொன்னா போடு. வா."

சுருதி எழுந்தாள். இரண்டு பேரும் லிப்டுக்குப் போனார்கள். அவள் கணவன் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடினான்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவளுக்கும் புத்தி கலங்கிட்டு" என்றாள். பிறகு என்னிடம் எச்சில் இலைகளை எடுக்கச் சொன்னாள்.

எடுத்தேன்.